பெட்டிக்கடை வங்கியான கதை

வங்கிக் கவுன்டரில் காலம் தள்ளியவன் நான். ஆனாலும் கென்யாவின் பணவரலாற்றில் எனக்குப் பிடித்தவர் மேனேஜர் அல்ல, பெட்டிக்கடைக்காரர்தான்.

வங்கிக் கிளைகள் பெரும்பாலும் நகரங்களோடு நின்றுவிட்ட நாடு அது. நைரோபியில் கூலி வாங்கியவர், ஊருக்குப் போகும் பஸ் டிரைவரிடம் பண உறையைக் கொடுத்தனுப்புவார். போய்ச் சேர்வது அதிர்ஷ்டம். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் எம்-பெசா என்னும் போன்வழிப் பணச் சேவையைத் தொடங்கியது. புதுக் கட்டடம் எதுவும் எழுப்பவில்லை. ரீசார்ஜ் விற்ற கடைக்காரர்களையே முகவர்களாக்கியது. கடைக்காரர் ரொக்கத்தை வாங்கிப் போனில் ஏற்றுவார். அதைப் போனிலிருந்தே ஊருக்கு அனுப்பலாம். ஊரிலிருக்கும் அம்மா அங்குள்ள கடையில் அடையாள அட்டையைக் காட்டிப் பணமாக வாங்கிக்கொள்வார். சாதாரண போனே போதும்.

எம்-பெசா முதலில் சிறுகடன் தவணை கட்டுவதற்காக யோசிக்கப்பட்ட ஏற்பாடு. 2005இல் தொடங்கிய சோதனையில் ஜனங்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள். நிறுவனமும் அவர்கள் வழிக்கு வந்தது.

பலன்? தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு, சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணித்தது. பல பெண்கள் விவசாயத்திலிருந்து சிறுவியாபாரத்துக்கு மாறினார்கள். நோய், வறட்சி என்றால் உறவினர் பணம் உடனே வந்தது.

பின்னாளில் அதே போனில் கடனும் சுலபமாகக் கிடைத்தது. பலர் தவணையில் சிக்கினார்கள். பணம் அனுப்பும் வசதி ஏழையைத் தாங்கும். யோசிக்க விடாமல் நீட்டப்படும் கடன் தாங்காது. இரண்டையும் ஒரே வளர்ச்சிக் கணக்கில் எழுதக் கூடாது.