திண்டுக்கல் 1973: முகத்துக்கு விழுந்த வாக்குகள்

1973ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் திண்டுக்கல் பாராளுமன்றத் தொகுதியில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. தோன்றி ஏழே மாதங்களான அண்ணா தி.மு.க.வின் வேட்பாளர் வழக்கறிஞர் கே. மாயத்தேவர் ஏறத்தாழ 2,60,000 வாக்குகள் பெற்றார். பழைய காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தன் பெற்றவை ஏறத்தாழ 1,19,000. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தமிழக அரசியலின் போக்கை மாற்றிய தேர்தல் என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கம். நம் மலையடிவாரத்திலேயே நிகழ்ந்த இவ்வரலாறு, மக்கள் தம் தலைவரை எதைக் கண்டு தெரிந்துகொள்கிறார்கள் என்னும் வினாவையும் உடன் கொண்டுவருகிறது.

வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள்களுக்கு முன், மே 11 அன்று, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தது. ஜப்பானில் நடைபெற்ற எக்ஸ்போ 70 கண்காட்சியிலும் படமாக்கப்பட்ட வண்ணப்படம் அது. அதில் அறிவியலாளராகவும் அவருடைய தம்பியாகவும் இரு வேடங்களில் தோன்றிய எம்.ஜி.ஆருக்கு அப்போது வயது 56. ‘வாலிபன்’ என்ற சொல்லைப் பற்றி எவரும் வழக்குரைக்கவில்லை!

பெரும்பாறைக் காபித் தோட்டங்களில் ஆயுள் முழுதும் பழம் பறித்த மூதாட்டி ஒருவரிடம் அத்தேர்தலைப் பற்றிக் கேட்டேன். “எம்ஜியாருக்குத்தான் போட்டேன் சாமி” என்றார். அவர் அத்தேர்தலில் நிற்கவில்லையே என்றேன். “நின்னா என்ன, நிக்காட்டி என்ன சாமி? ரெட்டை எலை அவருதுதானே!” அந்த இலையைத் தேர்தல் அலுவலர் காட்டிய சின்னங்களினின்று தேர்ந்தெடுத்தவர் மாயத்தேவர் என்பதையோ, அவர் பெயரையோ கூட அம்மூதாட்டி அறிந்திருக்கவில்லை.

இந்த உருவம் ஒரு நாளில் எழுந்ததன்று. 1964இல் ‘படகோட்டி’, 1967இல் ‘விவசாயி’, 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ என உழைப்பாளியின் ஒவ்வொரு வேடத்தையும் எம்.ஜி.ஆர். ஏற்றார். திரையில் அவர் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், தாய் சொல் தட்டமாட்டார். ஊர்தோறும் இரசிகர் மன்றங்கள் இருந்தன. 1972 அக்டோபரில் கட்சி பிளவுற்றபோது அம்மன்றங்களே பல இடங்களில் புதிய கட்சியின் கிளைகளாயின. பிற கட்சிகள் பல்லாண்டுகள் பாடுபட்டுக் கட்டும் அமைப்பை அவர் முன்னமே பெற்றிருந்தார்.

1967 சனவரியை இங்கு நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் நடிகர் ரொனால்ட் ரீகன் கலிஃபோர்னியா மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற அதே மாதத்தில், சென்னையில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. கட்டுப்போட்ட கழுத்தோடு அவர் இருந்த படம் சுவரொட்டியாக எங்கும் பரவியது. மருத்துவமனையில் இருந்தவாறே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். (ஆம், நம் புனித தோமையார் மலைதான்.) அதே தேர்தலில், பள்ளிகளைத் திறந்து ஏழைச் சிறுவர்க்கு மதிய உணவும் அளித்த காமராசர், தம் சொந்த ஊரான விருதுநகரில் மாணவத் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அத்தோல்விக்குக் காரணங்கள். சுவரொட்டியை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. ஆயினும் செய்தவற்றின் பட்டியலைக் காட்டிலும் காயமுற்ற ஒரு முகம் நெஞ்சில் ஆழப் பதியும் என்பதை அவ்வாண்டு காட்டியது.

திண்டுக்கல்லைப் பற்றியும் அதே நேர்மை வேண்டும். 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டுச் சாராயக் கடைகள் திறந்தன. கூலியைக் கடையில் தொலைத்த கணவன்மாரின் மனைவியருக்கு அது சினிமா அன்று. கட்சிப் பணத்துக்கு எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், கணக்குக் கேட்டவரை வெளியேற்றினார்கள் என்பதே மக்கள் கண்ட காட்சி. எனவே அவர்கள் வெறும் நிழலுக்கு வாக்களித்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. அம்மக்களின் உண்மையான குறை ஒன்று, தனக்கேற்ற முகத்தைக் கண்டுகொண்டது.

தொல்லை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. முகத்தை நம்பியவன் கணக்குக் கேட்பதில்லை. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘பிம்பச் சிறை’ எனத் தமிழில் வந்த நூல் இதையே ஆராய்கிறது. மது எதிர்ப்பின் உருவமாக விளங்கியவரின் ஆட்சியில், 1981இல் சாராயமும் கள்ளும் மீண்டும் வந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. அந்த வரிச்சுமை பெரிதும் ஏழைகளின் தோளில் விழுந்தது என்பது பாண்டியனின் வாதம். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் பசியாற்றியதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க மக்கள் முன்வரவில்லை. 1984 டிசம்பரில் அவர் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அங்கு எடுத்த படத்தை ஊரூராகத் திரையிட்டார்கள். அவர் கால் வைக்காமலே ஆண்டிபட்டி அவரைத் தேர்ந்தெடுத்தது.

விவிலியத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. இஸ்ரயேலர் கேட்டுப் பெற்ற முதல் அரசர் சவுல் மற்றெல்லாரையும்விட உயரமானவர். பின்னர் எலியாபின் தோற்றத்தைக் கண்டு சாமுவேல் இறைவாக்கினரே மயங்கினார். வெளித்தோற்றத்தைப் பார்க்காதே என ஆண்டவர் அவரைத் தடுக்கவேண்டியதாயிற்று. அதே அதிகாரத்தில், தாவீது உள்ளே வந்ததும் அவருடைய கண்ணழகைக் குறிப்பிடாமல் இருக்க நூலாசிரியராலும் முடியவில்லை!

ஆயினும் முகத்தின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. 1980 சனவரிப் பாராளுமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் கட்சி தமிழகத்தின் 39 தொகுதிகளுள் இரண்டில் மட்டுமே வென்றது. திண்டுக்கல்லில் வென்றவர் அதே மாயத்தேவர்; இம்முறை தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில்! மாயத்தேவர் 2022 ஆகஸ்டில் மறைந்தார். இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவர் என்றே செய்தித்தாள்கள் அவரை நினைவுகூர்ந்தன. மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாராளுமன்றத்தில் இத்தொகுதிக்காக என்ன பேசினார் என்று நான் வினவிய முதியவர்களுள் ஒருவராலும் சொல்ல இயலவில்லை.