வழிபாட்டிலிருந்து பார்வைக்கு: கியோட்டோ கோயில் வாசல்களில் நேர்ந்த மாற்றம்

கியோட்டோவில் பெயர்பெற்ற பௌத்தக் கோயில்களுள் பெரும்பாலானவற்றில் பயணி முதலில் வாசலில் சீட்டு வாங்குகிறார். பிறகுதான் உள்ளே கால் வைக்கிறார். நகரம் பழமையானது என்பதால் இந்த வழக்கமும் பழமையானது என்றே தோன்றும். உண்மையில் இது மெய்ஜி காலத்தில், கோயில்கள் தம் நிலத்தையும் நகரம் தன் தலைநகர்த் தகுதியையும் இழந்தபோது வேரூன்றியது. இதைப் புரிந்துகொள்ளாமல் பிற்காலத்தில் நடந்த வரிப் பூசல்களைப் புரிந்துகொள்ள முடியாது.

794இல் கன்மு பேரரசர் இங்கே தலைநகரை நிறுவியபோது, நகருக்குள் தோஜி, சாய்ஜி என்ற இரு கோயில்களுக்கு மட்டுமே இடம் கொடுக்கப்பட்டது. முந்தைய தலைநகரான நாராவில் துறவிகள் அரசியலில் செல்வாக்குப் பெற்றிருந்தார்கள். அது மீண்டும் நிகழக்கூடாது என்ற எச்சரிக்கை இதில் தெரிகிறது. பிற கோயில்கள் மலையடிவாரங்களில் எழுந்தன. 1467 முதல் 1477 வரை நீடித்த ஓனின் போரில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கியோமிசு கோயிலின் பெருமண்டபம்கூட 1633இல் மீண்டும் கட்டப்பட்டதுதான்.

எடோ காலத்தில் பயணிகளுக்குக் குறைவில்லை. கன்னோன் போதிசத்துவருக்குரிய முப்பத்துமூன்று தலங்களை வலம்வருவோருக்குக் கியோமிசு பதினாறாவது தலம். ஊர்ப்புறத்து மக்கள் தங்கள் பிரிவின் தலைமைக் கோயிலைக் கண்டு வணங்க வந்தார்கள். 1780இல் அகிசாதோ ரிதோ எழுதி, தகேஹாரா ஷுன்சோசாய் படம் வரைந்த ‘மியாகோ மெய்ஷோ சூஎ’ என்ற வழிகாட்டி நூல் வெளிவந்தது. இடங்களைச் சுற்றிப் பார்க்கும் ஆர்வம் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆக, பார்க்கும் ஆசை புதிதன்று. ஆனால் பெருங்கோயில்களுக்கு மானிய நிலம் இருந்தது, புரவலர்கள் இருந்தார்கள். பயணி இடும் காணிக்கை அதற்கு மேல் வந்த வருவாய்.

அந்த அடித்தளம் ஒரு பத்தாண்டுக்குள் சரிந்தது. 1868இல் புதிய மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தது. பல ஊர்களில் பௌத்தச் சிலைகளும் சுவடிகளும் அழிக்கப்பட்டன. 1869இல் பேரரசரின் இருப்பிடம் டோக்கியோவுக்குப் பெயர்ந்தது. அரசவையை நம்பி வாழ்ந்த பட்டு நெசவாளர், வணிகர், கைவினைஞர் எல்லோருடைய பிழைப்பும் ஆட்டங்கண்டது. 1871, 1875 ஆணைகள் வழிபாட்டு வளாகம் நீங்கலான கோயில் நிலங்களை அரசுடைமை ஆக்கின. என் பார்வையில், கியோட்டோவின் நவீன வரலாற்றில் தலைநகர் பெயர்ந்ததைவிட ஆழமான காயம் இதுதான். வெளியே அதிகம் பேசப்படாததும் இதுதான்.

நகரம் சோர்ந்து உட்காரவில்லை. 1871இல் நிஷி ஹொங்கான்ஜி கோயிலில் ஒரு கண்காட்சி நடந்தது. மறு ஆண்டு அது நிஷி ஹொங்கான்ஜி, கென்னின்ஜி, சியோன்இன் ஆகிய மூன்று கோயில்களிலும் விரிந்தது. அதுவரை தடுக்கப்பட்டிருந்த வெளிநாட்டவருக்கு அப்போது தனி அனுமதி கிடைத்தது. பார்வையாளர்களை மகிழ்விக்கவே ‘மியாகோ ஓதோரி’ நடனம் 1872இல் தொடங்கியது. தொன்மையானது என்று பலர் நினைக்கும் அந்த வசந்தகால நிகழ்ச்சிக்கு இதுதான் பிறப்பு. 1873இல் யாமாமோத்தோ காகுமா வெளிநாட்டவருக்காக ஆங்கிலத்தில் வழிகாட்டி நூல் வெளியிட்டார். கோயில் மண்டபம் காட்சி மண்டபமாகப் பழகியது இந்த ஆண்டுகளில்தான்.

அடுத்த படியைக் கின்காகுஜி என்னும் பொற்கோயிலில் காணலாம். நிலங்களின் பெரும்பகுதியை இழந்த அது, 1894இல் தோட்டத்தையும் பொன் மண்டபத்தையும் பொதுமக்களுக்குத் திறந்து, கட்டணம் வாங்கி வருவாய் தேடியது. மறு ஆண்டு நகரம் தன் 1,100ஆம் ஆண்டைக் கொண்டாடியது. ஹெயான் ஆலயம் எழுந்தது, மின்சார டிராம் ஓடியது, தேசியத் தொழிற்கண்காட்சிக்குக் கூட்டம் திரண்டது. 1897இல் வந்த பழங்கோயில் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்ப்புக்குப் பணம் தந்தது. கூடவே, அரசு கேட்டால் கோயில் தன் அரும்பொருள்களை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்றும் விதித்தது. வணங்கப்பட்ட சிலை இனி கலைப்பொருளும் ஆயிற்று.

‘வருபவர் பக்தரா, பார்வையாளரா’ என்ற கேள்வி அன்றே விதைக்கப்பட்டுவிட்டது. அது வெடித்தது வரியில். 1956இல் மாநகராட்சி கோயில் கட்டணத்தின்மேல் ஒரு வரி விதித்து, கியோட்டோ கைக்கான் அரங்கம் கட்ட அதைப் பயன்படுத்தியது. 1964இல் இன்னொரு வரி வந்தது. இதற்குப் பிறகு இத்தகைய வரி கிடையாது என்ற வாக்குறுதியோடு. 1985 ஜூலையில் அந்த வாக்குறுதி மீறப்பட்டது. பெரியவர் ஒருவருக்கு 50 யென் என்ற புதிய வரியைக் கோயில்களே வசூலித்துத் தர வேண்டும் என்றது மாநகராட்சி. கோயிலுக்கு வருவது சமயச் செயல், அதன்மேல் வரி கூடாது என்று எதிர்த்த கியோமிசு, கின்காகுஜி, கின்காகுஜியின் இணையெனப் பேசப்படும் கிங்காகுஜி உள்ளிட்ட கோயில்கள் கதவை அடைத்தன. விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் வருவாய் இழந்து தவித்தார்கள். 1988 மார்ச்சுடன் வரி கைவிடப்பட்டது.

கோயில்களின் வாதத்தில் முரண் இருந்தது என்பதை மறுக்க முடியாது: கட்டணம் வாங்குவது அவர்களேதான். ஆயினும் நிலத்தைப் பறித்து அவர்களைக் கட்டணத்தின் பக்கம் தள்ளியது அரசு. அதே கட்டணத்தில் அரசுத் தரப்பு மீண்டும் பங்கு கேட்டபோது எழுந்த சினத்தை வெறும் பணப் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

சாய்ஹோஜி என்னும் பாசிக் கோயில் வேறு வழி கண்டது. கூட்டத்தால் தோட்டமும் சுற்றுப்புறமும் நலிந்ததால் 1977இல் பொதுப் பார்வையை நிறுத்தியது. முன்கூட்டியே விண்ணப்பித்து வருபவர்கள், சூத்திரத்தைப் பார்த்தெழுதுவது போன்ற வழிபாட்டில் பங்குகொண்ட பிறகே தோட்டத்துக்குள் நடக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. மாநகராட்சியும் பின்னாளில் தன் பாதையை மாற்றியது. 2018 அக்டோபரில் பயணிகளிடம் மீண்டும் வரி வாங்கத் தொடங்கியபோது, அதைக் கோயில் வாசலில் வைக்காமல் தங்கும் விடுதியின் அறை வாடகையோடு சேர்த்தது.