தசை அழற்சி: எம்ஆர்ஐ ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறத் தொடையில் வலுவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் தோள் சோர்ந்துவிடுகிறது. வயதாகிவிட்டது, வேலைக் களைப்பு என்று பலரும் தள்ளிப்போடும் இந்த அறிகுறிகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் அது தசை அழற்சி நோயாக இருக்கக்கூடும்.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல் சொந்தத் தசைகளையே தாக்குவதால் வருவது இது. மருத்துவர்கள் இதை மயோசைட்டிஸ் என்பர். தோலில் தடிப்புடன் வரும் டெர்மட்டோமயோசைட்டிஸ், பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வரும் இன்குளூஷன் பாடி மயோசைட்டிஸ் என இதில் பல வகைகள் உள்ளன.

இந்நோயைக் கண்டறிய நெடுங்காலம் பயன்பட்டுவரும் போகன்-பீட்டர் விதிமுறைகள் 1975ல் வெளிவந்தன. தசை பலவீனம், ரத்தத்தில் தசை நொதிகளின் அளவு, தசைகளின் மின்னியக்கச் சோதனை, திசுப் பரிசோதனை, தோல் தடிப்பு ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற்றன. எம்ஆர்ஐ இல்லை. மனித உடலை முதன்முதலில் எம்ஆர்ஐ மூலம் படம் எடுத்ததே 1977ல்தான்.

இரண்டு வகைப் படங்கள்

எம்ஆர்ஐ கருவி வலுவான காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமாக்குகிறது. எக்ஸ்ரே கதிர்வீச்சு இதில் இல்லை.

தசை அழற்சிக்கு முக்கியமாக இரண்டு வகைப் படங்கள் எடுக்கப்படும். 'டி1' படத்தில் கொழுப்பு வெண்மையாகத் தெரியும். 'ஸ்டிர்' படத்தில் கொழுப்பின் சமிக்ஞை அடக்கப்படுவதால் நீர் வெண்மையாகத் தெரியும். அழற்சி கண்ட தசையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் அந்த இடம் 'ஸ்டிர்' படத்தில் பளிச்சிடும். தசை அழிந்து கொழுப்பாக மாறிய இடத்தை 'டி1' காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையைத் தீர்மானிக்கும் வேறுபாடு

நோயாளிக்கு இரண்டும் ஒரே பலவீனமாகத்தான் தெரியும். மருத்துவருக்கோ இது பெரிய வேறுபாடு. நீர் கோத்த தசையை மருந்தால் மீட்க வாய்ப்புண்டு. கொழுப்பாக மாறிய தசை திரும்பாது. அங்கு மருந்தைக் கூட்டினால் பக்கவிளைவுகளே மிஞ்சும். நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்தே தசையைப் பலவீனப்படுத்துவதும் உண்டு. அப்போது ஸ்கேனில் நீர்கோப்பு பொதுவாகத் தெரியாது.

திசுப் பரிசோதனைக்கும் எம்ஆர்ஐ வழிகாட்டுகிறது. அழற்சி தசை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்காது. நலமான இடத்திலிருந்து திசு எடுத்துவிட்டால் நோய் இருந்தும் முடிவு இல்லையென்று வரலாம். எங்கிருந்து எடுப்பது என்பதை ஸ்கேன் முன்கூட்டியே சுட்டிக்காட்டும்.

வரம்புகளும் உண்டு

பளிச்சிடுவதெல்லாம் தசை அழற்சி நோயல்ல. கடும் உடற்பயிற்சி, அடிபடுதல், கிருமித்தொற்று, நரம்புப் பாதிப்பு ஆகியவற்றாலும் தசையில் நீர் கோக்கும். அண்மையில் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால் அதை மருத்துவரிடம் கூறவேண்டும். ரத்தப் பரிசோதனை, திசுப் பரிசோதனை முடிவுகளோடு சேர்த்தே ஸ்கேனைப் படிக்க முடியும்.

இதயமுடுக்கி, உடலுக்குள் உலோகத் துண்டு போன்றவை இருப்போர் அதை முன்னதாகவே தெரிவிப்பது அவசியம்.

பெரியவர்களுக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்தால் உடலில் புற்றுநோய் உள்ளதா என்றும் மருத்துவர்கள் தேடுவர். சிங்கப்பூர், மலேசிய வட்டாரத்தில் அவர்கள் குறிப்பாகக் கவனிப்பது மூக்குத்தொண்டைப் புற்றுநோயை.

விழுங்குவதிலோ மூச்சுவிடுவதிலோ சிரமம் ஏற்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மற்ற அறிகுறிகளுக்கும் காத்திருப்பது நல்லதல்ல. தசை கொழுப்பாக மாறுவதற்கு முன் தொடங்கும் சிகிச்சையே இழந்த வலுவை மீட்டுத் தரும் வாய்ப்பு அதிகம்.