யாருக்குச் சீட்டு?

திண்டுக்கல் மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள் பொறுப்பேற்றது 2022 மார்ச் தொடக்கத்தில். அவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் நெருங்குவதை அறிய அரசிதழைப் புரட்ட வேண்டியதில்லை. மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலே போதும். 'இந்த முறை நம்ம வார்டு யாருக்காம்?' என்ற கேள்வி முதலில் வரும். விடை சொல்ல நான்கு பேர் இருப்பார்கள். நால்வரும் வேறு வேறு பெயர் சொல்வார்கள். நால்வருமே 'உள்ளே இருப்பவர்' சொன்னதாகச் சொல்வார்கள்.

இந்தப் பேச்சை வெறும் வம்பு என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படி ஒதுக்குவதில்லை. வேட்பாளர் யார் என்பதில் ஊர் மக்கள் கருத்துச் சொல்ல இன்றைக்கு இருக்கும் ஒரே இடம் அதுதான்.

ஊரின் அளவைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல்லின் மக்கள்தொகை 2,07,327. பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர். 1866 நவம்பர் 1ஆம் நாள் நகராட்சியான இவ்வூர் 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. வார்டுகள் 48. சராசரியாக ஒரு வார்டில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். வாக்காளர்கள் இன்னும் குறைவு. நாகல் நகரிலோ பேகம்பூரிலோ ஒருவர் சீட்டுக் கேட்கிறார் என்றால், அவர் யாருக்கு ஜாமீன் போட்டார், குடிநீர் வராத நாட்களில் லாரியை எந்தத் தெருவில் நிறுத்தச் சொன்னார் என்பதெல்லாம் எதிர்வீட்டாருக்குத் தெரியும். சட்டமன்ற வேட்பாளரைப் பற்றி ஊருக்குத் தெரிவதைவிட வார்டு வேட்பாளரைப் பற்றித் தெருவுக்குத் தெரிவது அதிகம். ஆனால், அந்த அறிவு கட்சியின் பட்டியலைச் சென்றடைய வழியில்லை.

கட்சிகளின் முறை நாம் அறிந்ததே. கட்டணம் செலுத்தி விருப்ப மனு கொடுக்க வேண்டும். பிறகு நேர்காணல். வட்டச் செயலாளர் ஒரு பெயரைச் சொல்வார், மாநகரப் பொறுப்பாளர் இன்னொன்றைச் சொல்வார், மாவட்டச் செயலாளர் முடிவெடுப்பார், தலைமை அறிவிக்கும். நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி, 'எவ்வளவு செலவு செய்வீர்கள்?' என்பது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் வார்டு வேட்பாளருக்கு 2022இல் மாநிலத் தேர்தல் ஆணையம் விதித்திருந்த செலவு வரம்பு 85,000 ரூபாய். தேநீர்க் கடையில் அடிபடும் தொகைகளைக் கேட்டால் அந்த வரம்பு யாருக்காக எழுதப்பட்டது என்ற ஐயம் வரும். பட்டியல் வெளிவரும்போது அதில் பெயர்கள் இருக்கும், காரணங்கள் இருக்கா. இன்னாரை ஏன் தேர்ந்தெடுத்தோம், இன்னாரை ஏன் விட்டோம் என்று எந்தக் கட்சியும் எழுதி வெளியிட்டதாக நான் கண்டதில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் ஊர் தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. சாதி, பணம், உறவு என்று அது தேடிப் போகும் இடங்களும் நமக்குத் தெரிந்தவையே. அந்தக் கற்பனை பல நேரங்களில் உண்மைக்கு அருகிலேயே இருக்கிறது என்பதுதான் வருத்தம்.

இந்தப் பேச்சைப் பன்மடங்காக்கும் இன்னொரு காரணம் மேயர் பதவி. 2011இல் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2016இல் மேயரையும் தலைவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் என்று சட்டம் மாறியது. 2018இல் மீண்டும் நேரடித் தேர்தல் என்றானது. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மறுபடியும் மறைமுகத் தேர்தல். மூன்றரை ஆண்டுகளில் மூன்று மாற்றங்கள்! இதற்கிடையே 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். மறைமுகத் தேர்தலில் மேயராக விரும்புபவர் முதலில் ஏதேனும் ஒரு வார்டில் வென்றாக வேண்டும். ஆகவே, 'அந்த வார்டை அவர் கேட்கிறாராமே' என்ற ஒரு வரிக்குள் மேயர் யார் என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. வாக்குச்சீட்டில் இல்லாத அந்தக் கேள்வி தேநீர்க் கடைக்கு வந்து சேர்வதில் வியப்பில்லை.

2022 ஜனவரியில் வந்த ஒதுக்கீட்டு ஆணையில் திண்டுக்கல் மேயர் பதவி பெண்களுக்கென்று அறிவிக்கப்பட்டது. அதுவரை அடிபட்ட ஆண்களின் பெயர்கள் ஒரே நாளில் மாறின. சரியாகச் சொன்னால், பெயர்கள் மாறவில்லை; அவற்றின் பின்னே 'மனைவி', 'மகள்', 'மருமகள்' என்ற சொற்கள் சேர்ந்தன. அந்தத் தேர்தலில் திமுக கூட்டணி வென்று இளமதி மேயரானார். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்ற சட்டம் வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் சீட்டுப் பற்றிய பேச்சு நடக்கும் இடங்களில் பெண்கள் இல்லை. தேநீர்க் கடை வாசலிலும் கட்சி அலுவலகத் திண்ணையிலும் நிற்பவர்கள் ஆண்கள். குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்தத் தெருவின் சாக்கடை மழைநாளில் வீட்டுக்குள் வருகிறது என்பதை அறிந்தவர்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கிறார்கள். இதே திண்டுக்கல் தொகுதி 2001, 2006, 2011 என்று மூன்று முறை கே. பாலபாரதியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவரை யாருடைய மனைவி என்றோ மகள் என்றோ யாரும் அடையாளம் சொன்னதில்லை. ஆகவே, இந்த ஊருக்குத் தகுதியான பெண்களைத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது.

வேட்பாளர் தேர்வு குறித்த ஆரூடங்களுக்குத் திண்டுக்கல் பழைய ஊர். 1972 அக்டோபரில் பிறந்த அதிமுக, ஏழே மாதங்களில், 1973 மே மாதம் இங்கே நடந்த மக்களவை இடைத்தேர்தலைச் சந்தித்தது. வேட்பாளர் மாயத்தேவர், ஒரு வழக்கறிஞர். சின்னம் இரட்டை இலை. அச்சின்னம் தேர்தல் களம் கண்ட முதல் இடம் இதுதான். அவர் வென்றார், பழைய காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சியாக இருந்த திமுக மூன்றாமிடம். அதே மாயத்தேவர் 1980இல் திமுக வேட்பாளராக இதே தொகுதியில் வென்றார் என்பது வேறு கதை. ஆனால், அந்த 1973 வெற்றி கட்சிகளுக்கு ஒரு பாடத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன்: தலைவர் கை காட்டினால் போதும், வேட்பாளர் யாராயினும் பரவாயில்லை என்பது. மக்களவைக்கு அது பொருந்தியிருக்கலாம். நாலாயிரம் பேர் வாழும் வார்டுக்கு அது பொருந்தாது.

பிற நாடுகளிலும் வம்பு உண்டு. நியூயார்க் நகரில் டெமாக்ரட் கட்சிக்கு வட்டாரந்தோறும் மன்றங்கள் இருக்கின்றன. மேயர் பதவிக்கும் நகரமன்றத்துக்கும் போட்டியிட விரும்புவோரைப் பற்றி அங்கே பேசப்படும் பேச்சுக்கு நம் மணிக்கூண்டுப் பேச்சு சற்றும் குறைந்ததில்லை. ஆனால், அந்தப் பேச்சு ஓரிடத்தில் போய் முடிகிறது. விரும்புவோர் மன்றத்துக்கு வந்து உறுப்பினர்கள் முன் பேச வேண்டும். கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பிறகு மன்றம் வாக்களித்து யாரை ஆதரிப்பதென்று முடிவு செய்யும். அதற்குப் பின் கட்சியில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்கள் அனைவரும் வாக்களிக்கும் முதற்கட்டத் தேர்தல். 2025 ஜூன் மாதம் அப்படி நடந்த தேர்தலில்தான் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவை இளைஞர் ஸோரான் மம்தானி வீழ்த்தினார். பெரிய பெயர், பெரிய பணம், கட்சிப் பெரியவர்கள் பலரின் ஆதரவு எல்லாம் குவோமோ பக்கம் இருந்தன. அங்கும் பணத்தின் ஆட்டம் உண்டு. அந்த முறை தூய்மையானது என்று நான் சொல்ல வரவில்லை. வட்டாரத்தின் பேச்சை வாக்காக மாற்ற அங்கே ஒரு பெட்டி இருக்கிறது, இங்கே இல்லை என்பது மட்டுமே என் கருத்து.

பெட்டி இல்லாததால் நேரும் தீங்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தகுதியற்றவரைப் பற்றி ஊர் அறிந்த உண்மை பட்டியலைத் தடுப்பதில்லை. தகுதியுள்ளவரைப் பற்றி யாரோ கிளப்பிவிட்ட பொய்யோ அவர் மனுக் கொடுக்கும் முன்பே அவரைத் தடுத்துவிடுகிறது. மறுக்கவும் அவருக்கு ஒரு மேடை கிடையாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று வெளிப்படையாகப் பொறித்து வைத்தது. அந்தச் சபை எல்லா மக்களுக்கும் உரியதன்று. நிலமும் கல்வியும் கொண்ட சிலருக்கே உரியது. ஆனாலும் விலக்கும் காரணம் கல்லில் இருந்தது, காதில் இல்லை.

இன்றைய முறையில் வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் வேட்புமனுவோடுதான் வெளிவருகின்றன. 2022இல் மனுக்களைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. வாக்குப்பதிவு பிப்ரவரி 19. இறுதிப் பட்டியலைப் பார்த்து எடைபோட வாக்காளருக்குக் கிடைத்தவை பன்னிரண்டு நாட்கள்.

அமெரிக்காவைப் போல் சட்டம் போட்டு முதற்கட்டத் தேர்தல் நடத்துவது இங்கே இப்போதைக்கு நடவாது. ஆனால், கட்சிகள் நினைத்தால் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விருப்ப மனு கொடுத்தவர்களின் பெயர்களை வார்டு வாரியாக வெளியிடலாம். ஒரு மாலைப் பொழுது அவர்களை அந்த வார்டின் மக்கள் முன் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். தேர்தலுக்குப் பின் இத்தகைய கூட்டத்துக்கு முன்மாதிரியும் இருக்கிறது: 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. குப்பையையும் குடிநீரையும் பற்றி உறுப்பினரை நேருக்கு நேர் கேட்க மக்களுக்கு அங்கே நாற்காலி போடப்பட்டது. அதே நாற்காலிகளைத் தேர்தலுக்கு முன்பு ஏதாவது ஒரு கட்சி, ஒரே ஒரு வார்டில் போட்டுப் பார்க்கட்டும். மாலை ஆறு மணிக்கு வைத்தால் ஆலை வேலை முடிந்து பெண்களும் வருவார்கள்.