பேராக்கில் வெள்ளம்: உதவக் கிளம்பும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய அன்று ஊரே திரண்டு வரும். நாசி பொட்டலம், மினரல் தண்ணீர், பாய், போர்வை என்று வேன் வேனாக வந்து இறங்கும். நான்காவது நாள் தண்ணீர் வடிந்திருக்கும், வாட்ஸ்ஆப் குழுவில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு, ஊறிப்போன மெத்தை, ஓடாத குளிர்பெட்டி. "சாப்பாடு வந்துக்கிட்டே இருந்துச்சு, வீட்டைக் கழுவத்தான் ஆளில்ல" என்பது நிவாரண மையங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு.

நீங்கள் ஈப்போவிலோ, சுங்கை சிப்புட்டிலோ, தெலுக் இந்தானிலோ இருந்து உதவ நினைப்பவர் என்றால், எப்போது போவது, யாரிடம் கேட்பது, எதைக் கொண்டுபோவது என்பதைப் பார்ப்போம்.

பேராக்கில் தண்ணீர் எப்படி ஏறுகிறது?

இரண்டு விதமான வெள்ளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் பெரும்பாலும் வருவது திடீர் வெள்ளம். பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும் மழையில் கால்வாய் நிரம்பி, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். படகு கொண்டுவருவதற்குள் வேலை முடிந்திருக்கும். இங்கே தேவைப்படுவது துடைப்பமும் ஆள்பலமும்தான்.

கீழே, பேராக் ஆற்றங்கரையில் கதை வேறு. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்து நீளமான ஆறு இது. மேலே தெமெங்கோர் தொடங்கி செண்டரோ வரை அணைகள். மலைப்பகுதியில் பெய்த மழை கோலா கங்சாரைத் தாண்டி, பேராக் தெங்கா வழியாக ஹிலிர் பேராக் வந்து சேர நாட்கள் ஆகும். 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளத்தின்போது பேராக்கிலும் ஆற்றோர மக்கள் வெளியேற வேண்டியிருந்தது. இந்த வகை வெள்ளத்தில் எச்சரிக்கைக்கு நேரம் கிடைக்கும், ஆனால் தண்ணீர் சுலபத்தில் போகாது.

கிந்தா பள்ளத்தாக்குக்கு இன்னொரு பழைய கடனும் உண்டு. ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண் இது. சுரங்கங்கள் கழித்துவிட்ட மணலும் சேறும் பல ஆண்டுகள் ஆறுகளில் போய்ப் படிந்தன. ஆற்றின் மடி மேடானால் கொஞ்ச மழைக்கே கரை தாண்டும். 1985-இல் ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடான ஆறு ஒரே நாளில் பழையபடி ஆகிவிடாது அல்லவா?

தோட்டத்து வீடுகள் ஏன் விடுபட்டுப் போகின்றன?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ரப்பர் தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும், தொழிலாளர் லயம் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும். ரப்பர் போய் செம்பனை வந்த பிறகும் லயங்கள் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன. தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் நெடுங்காலம் அதன் வாசலோடு நின்றுவிட்டன. கம்போங்கில் ஒரு கிராமத் தலைவர் வீடு வீடாகப் பெயர் எழுதுவார். தோட்டத்தில் அந்த வேலையை யார் செய்வது? நிர்வாகமா, கோயில் தலைவரா, தமிழ்ப்பள்ளி ஆசிரியரா? பதில் இல்லாத இடத்தில்தான் பட்டியலில் பெயர் விடுபடும்.

1950, 60-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலை இழந்தவர்களுக்காகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து வெள்ளி மாதத் தவணையில் தோட்டம் வாங்கிய சங்கம் அது. அதற்கும் எட்டாதவர்கள் பட்டணத்து ஓரங்களுக்கு, பல நேரம் விலை மலிவான தாழ்ந்த நிலத்துக்கு, குடிபெயர்ந்தார்கள். எனவே உதவப் போகும்போது பெரிய சாலையில் இருக்கும் தாமானோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே, மண்சாலை முடிவில் இன்னும் பத்து வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இருப்பார்கள். பத்திரப் பயத்தில் மையத்துக்கு வரத் தயங்குபவர்கள் அவர்களில் உண்டு.

யாரிடம் முதலில் பேசுவது?

2015-இல் அமைக்கப்பட்ட தேசிய பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா நாடு முழுவதுக்கும் பொறுப்பு. ஆனால் உங்களுக்கு முக்கியம் மாவட்ட அலுவலகம். மாவட்டப் பேரிடர் குழுவுக்கு மாவட்ட அதிகாரிதான் தலைவர். தற்காலிக நிவாரண மையங்களைச் சமூக நல இலாகா நடத்துகிறது. பொதுவாக அவை பள்ளி மண்டபங்களிலோ பொது மண்டபங்களிலோ இருக்கும். மீட்பு வேலை தீயணைப்பு மீட்புப் படைக்கும் பொது தற்காப்புப் படைக்கும் உரியது. அவசரம் என்றால் 999. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களாக இறங்காதீர்கள். உங்களைத் தேடவும் ஒரு படகு போகவேண்டி வரும்.

ஆற்றின் மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' தளத்தில் பார்க்கலாம். சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு படிகள். மூன்றாவது படியில் பொருளை மேலே ஏற்றுங்கள், நான்காவதில் ஆள் ஏறுங்கள்.

இருந்தாலும் அதிகாரிகளுக்காகவே எல்லாரும் காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் நின்றபோது தனி ஆட்கள் படகும் கயாக்கும் கொண்டுவந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் ஆயிரக்கணக்கான பொட்டலம் சமைத்தார்கள். அந்த ஆண்டு வெள்ள இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

என்ன கொடுக்கலாம், என்ன வேண்டாம்?

பழைய துணி வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்ததை உலகமே பார்த்தது. புது உள்ளாடை, சானிட்டரி நாப்கின், குழந்தை டயப்பர், பெரியவர் டயப்பர் கொண்டுபோங்கள். கேட்கக் கூச்சப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள். சமைத்த சாப்பாட்டில் சமைத்த நேரத்தை எழுதுங்கள், நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எல்லா இனத்தவரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள், ஆகவே ஹலால், சைவம் இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பணம் வசூலிப்பதாக இருந்தால் கவனம். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். வரிவிலக்கு ரசீதை வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே தர முடியும்.

சேறு கழுவும் நாள்

உள்ளே நுழையும் முன் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் டிஎன்பிக்கு 15454-இல் அழையுங்கள். பூட்ஸ், கையுறை இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் சின்னக் கீறல் வழியாகவே உடம்பில் ஏறும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், "வெள்ளச் சேத்துல வேலை செஞ்சேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய பிறகு குளோரின். கழிவறை ஆசிட்டோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

குப்பையை அள்ளும் முன் இன்னொன்று. அலமாரி அடியில் நனைந்த பிளாஸ்டிக் பை கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில்தான் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை எல்லாம் இருக்கும். குடியுரிமை விண்ணப்பம் தேங்கிக் கிடக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு தாள் வீட்டைவிடப் பெரிது. ஒட்டிய தாள்களைப் பிரிக்க அவசரப்படாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள், கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். மை கார்டு தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போங்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டண விலக்கு தருவது வழக்கம். சேதத்தையும் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், கழுவுவதற்கு முன்பே படம் எடுங்கள். மையத்துக்கு வராமல் உறவினர் வீட்டில் தங்கியவர்களும் பெயரைப் பதிந்தார்களா என்று கேட்டு, இல்லையென்றால் அன்றே மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள்.