நாற்பதில் முடியும் பட்டியல்

சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு ‘மனித வளர்ச்சியும் நடத்தையும்’ என்றொரு பாடம் உண்டு. கருவில் தொடங்கி முதுமை வரை வாழ்வைப் பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தேவையையும் நெருக்கடியையும் அது விளக்கும். பாடத்தில் வரும் பெயர்கள் பெரும்பாலும் மேற்கத்திய உளவியலாளர்களுடையவை. ஆனால் வாழ்வைப் பருவமாக வகுக்கும் வேலையைத் தமிழில் பாட்டியல் நூல்களும் உலா இலக்கியமும் வெகுகாலம் முன்பே செய்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு கேள்வி எழுகிறது: வயதை எண்ணுபவர் யார், எதற்காக எண்ணுகிறார்?

உலாவில் தலைவன் வீதியில் பவனி வருகிறான். அவனைக் காண வரும் பெண்கள் ஏழு பருவத்தினர். பரவலாக வழங்கும் கணக்கின்படி பேதைக்கு வயது 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11, மங்கைக்கு 12, 13, மடந்தைக்கு 14 முதல் 19, அரிவைக்கு 20 முதல் 25, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நூலுக்கு நூல் எண்கள் சற்று மாறும். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலாவில் சிவனைக் காண வருபவர்களும், 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் சோழ மன்னர்களைக் காண வருபவர்களும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இந்தக் கணக்கில் மிகக் குறுகிய பருவம் மங்கை. இரண்டே ஆண்டுகள். பூப்பெய்தும் வயதை ஒட்டிய இடத்தில் அளவுகோல் நுணுகுகிறது, பிறகு அகலமாகிறது, நாற்பதில் நின்றுவிடுகிறது. காமம் அறியாதவள் என்றுதான் பேதையைப் புலவர்கள் பாடினார்கள். ஆனாலும் ஐந்து வயதுச் சிறுமியை ஆணின் எதிரே நிற்கும் பெண்களின் வரிசையில் சேர்த்தார்கள். நாற்பதைக் கடந்தவளைச் சேர்க்கவில்லை. கடைசிப் பருவத்தின் பெயரையே பாருங்கள்: பேரிளம்பெண். நாற்பது வரை அவள் ‘இளம்’ பெண்ணாக இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு பட்டியலில் அவளுக்குச் சொல்லே இல்லை.

ஆணுக்கும் பாட்டியல் பருவம் வகுத்தது: பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். வீரமும் வலிமையும் தொனிக்கும் பெயர்கள் இதில் பல. முப்பதைக் கடந்தவன் முதுமகன். அந்தப் பருவத்துக்கு மேல் எல்லை கிடையாது.

அந்தக் காலத்தில் ஆயுளே குறைவு என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்கப் போகிறவர்கள் முதிய பெண்கள். அகப்பாடல்களில் மகளைத் தேடி அலையும் செவிலிக்கும் வயதாகியிருக்கும். முதிய பெண்கள் வாழ்ந்தார்கள்; பிறருக்குச் செய்யும் வேலையால் மட்டும் அறியப்பட்டார்கள். தனக்கென ஒரு முதுமையைப் பெற்ற இருவர் நம் நினைவில் இருக்கிறார்கள். கணவன் நீங்கிய பிறகு காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். திருமணத்திலிருந்து தப்பப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் ஔவை என்கிறது மக்கள் வழங்கும் கதை. இருவரும் கவிஞர்கள். பட்டியலிலிருந்து வெளியேறியே அவர்கள் பாட முடிந்தது என்று நம் மரபு கதை சொல்கிறது.

மேற்கின் பட்டியல்களும் வேறு மாதிரி இல்லை. எரிக் எரிக்சன் 1950இல் எட்டுப் பருவங்களை முன்வைத்தார். அடையாளம் இளமைப் பருவத்தில் உருவாகிறது என்றவர், 1960களில் பெண்ணின் அடையாளத்தை அவள் உடலின் ‘உள்வெளி’யோடு, அதாவது கருத்தாங்கும் திறனோடு, சேர்த்து எழுதினார். அற வளர்ச்சிக்குப் படிநிலை வகுத்த கோல்பெர்க் தம் தொடக்க ஆய்வுக்குச் சிறுவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டார். அதைக் கேள்வி கேட்டு கரோல் கில்லிகன் 1982இல் நூல் எழுதினார். டேனியல் லெவின்சன் 40 ஆண்களை நேர்கண்டு 1978இல் ஆணின் வாழ்க்கைப் பருவங்களை வகுத்தார். பெண்களைப் பற்றிய அவரது நூல் 1996இல், அவர் இறந்த பிறகு வந்தது.

எரிக்சனின் எட்டுப் பருவங்களை உருவாக்குவதில் அவர் மனைவி ஜோன் எரிக்சனும் கூடவே உழைத்தவர். தொண்ணூறு வயதைக் கடந்தபோது அந்தப் பட்டியல் தம் வாழ்வுக்குப் போதவில்லை என்று கண்டு ஒன்பதாம் பருவம் ஒன்றை எழுதிச் சேர்த்தார். அது 1997இல் வெளியான விரிவாக்கப் பதிப்பில் இருக்கிறது. உடல் தளர்ந்து, பிறர் கையை எதிர்பார்த்து வாழும் வயதை உள்ளிருந்து பார்த்தவர் எழுதிய பருவம் அது.

மாணவர்கள் இதையெல்லாம் ஏன் அறிய வேண்டும்? பட்டியல்கள் ஏட்டில் தங்குவதில்லை, கோப்புகளாகின்றன. தேசிய குடும்ப நல ஆய்வு பெண்களிடம் விரிவாகக் கேள்வி கேட்பது 15 முதல் 49 வயது வரை, அதாவது பிள்ளை பெறும் வயது வரை. முதியோர் ஓய்வூதியம் 60இல் தொடங்குகிறது. மத்திய அரசின் விதவை ஓய்வூதியம் 2009இல் வந்தபோது 40 வயது நிரம்பியவர்களுக்கே கிடைத்தது. அதுவும் கணவனை இழந்தவர் என்ற பெயரில். 45 வயதைக் கடந்தோரைத் தொடர்ந்து கவனிக்கும் தேசிய அளவிலான ஆய்வின் முதல் சுற்று 2017-18இல்தான் நடந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மாதவிடாய் நின்று, மூட்டு வலியோடு களையெடுக்கப் போகிற, கணவன் உயிரோடு இருக்கிற பெண் இவற்றுள் எதில் வருவாள்? பேறுகாலப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. முதியோர் பட்டியலுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

களப்பணிக்குப் போகும் மாணவி அந்தப் பெண்ணின் வயதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடக் கூடாது. தன் வாழ்வை அவளே எப்படிப் பிரிக்கிறாள் என்று கேட்க வேண்டும். ‘கைகால் ஓடுன காலம்’, ‘மாமியா இருந்த காலம்’, ‘மகளக் கட்டிக்கொடுத்த பிறகு’ என்று அவளிடம் பருவங்கள் இருக்கும். இப்போது நடப்பதற்கு அவள் வைத்திருக்கும் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பேரிளம்பெண்ணுக்கு அடுத்த சொல் அங்கிருந்து கிடைக்கக்கூடும்.