முதலையும் மீனும் சுத்தபோசனமும்

தவக்காலம் தொடங்கிவிட்டால் மேலைநாட்டுச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் தலைகாட்டும் வேடிக்கைச் செய்தி ஒன்று உண்டு. எங்கோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு காட்டு விலங்கைத் திருச்சபை ‘மீன்’ என்று அறிவித்துவிட்டதாம்! ஓர் ஆண்டு முதலை, அடுத்த ஆண்டு ஆட்டுக்குட்டியளவு பெருத்த ஓர் எலியினம், பின்னொரு முறை மரம் கடித்து அணை கட்டும் பீவர். படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். இப்போது இச்செய்திகள் கைப்பேசி வழியாக நம் பங்கு மக்களையும் வந்தடைகின்றன. “சாமி, முதலைக்கறி சுத்தபோசனமா?” என்று நம்மிடமே குறும்பாகக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி குறும்பானதுதான். ஆயினும் அதன் பின்னால் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வரலாறு கிடக்கிறது.

முதலைச் செய்தி 2010-ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் சதுப்பு நிலங்கள் மிகுதி. அங்கே முதலை இறைச்சி வழக்கமான உணவு. தவக்கால வெள்ளிக்கிழமையில் அதை உண்ணலாமா என்று ஓர் இறைமகன் கேட்க, நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரகரி எய்மண்ட் கடிதம் வழியாகப் பதில் தந்தார். முதலை மீன் குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பதும், தம் மாநிலத்துக்கு முக்கியமான அந்த உயிரினம் இறைவனின் அருமையான படைப்பு என்பதும் அப்பதிலின் சாரம். அமெரிக்க ஆயர் பேரவையின் விளக்கமும் இதற்கு இசைவானதே. நீரிலும் நிலத்திலும் வாழ்வன, ஊர்வன போன்ற குளிர் இரத்தப் பிராணிகள் சுத்தபோசனச் சட்டம் விலக்கும் ‘இறைச்சி’யில் அடங்கா.

நிருபர்கள் இதனைக் கேட்டு நகைப்பது ஏன்? திருச்சபை விலங்கியல் பாடம் நடத்தித் தேர்வில் தோற்றுவிட்டது என்று அவர்கள் எண்ணிக்கொள்வதால்தான். உண்மையில் திருச்சபைச் சட்டம் விலங்கியலைப் பற்றிப் பேசவே இல்லை. நாங்கள் குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றபோது, இலத்தீன் மொழியின் ‘காரோ’ என்ற சொல்லுக்கு எமது பேராசிரியர் தந்த முதல் விளக்கமே இதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குயினார் நோன்பைப் பற்றி எழுதுகையில், நிலத்தில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் விலங்குகளின் இறைச்சியையும் பறவைகளையும் விலக்குகிறார். அவர் கூறும் காரணம், இவை நாவுக்கு மிகுந்த இன்பமும் உடலுக்கு மிகுந்த வலுவும் தருகின்றன என்பது. அவருடைய கண் உண்பவனின் தட்டின்மீது இருந்தது. எலும்பையும் செதிலையும் அவர் ஆராயவில்லை. நீரில் வாழ்வதெல்லாம் மீன் என்பது அக்காலத்துப் பொது வழக்கு. திமிங்கிலத்தை மீனினத்திலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு லின்னேயஸ் சேர்த்ததுகூட 1758-இல்தான். வானத்து நட்சத்திரத்தையே ‘மீன்’ என்றழைக்கும் தமிழருக்கு இதில் நகைப்பதற்குப் பெரிதாக எதுவும் இருக்க முடியாது!

ஆனால் தமிழருக்கு வேறொரு சங்கடம் உண்டு. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்து விலக்கிய புலாலில் நம் மரபு மீனையும் சேர்த்தே எண்ணுகிறது. வெள்ளிக்கிழமை நம் வீட்டில் மீன்குழம்பு மணப்பதைக் கண்டு, “இதுவா உங்கள் சுத்தபோசனம்?” என்று அயல்வீட்டு இந்துச் சகோதரர் கேட்டால், அந்தக் கேள்வியும் முதலைக் கேள்வியும் ஒன்றுதான். சட்டத்தின் சொல்லைக் காப்பாற்றிவிட்டு அதன் பொருளைக் கைவிடலாமா என்பதே இரண்டும் கேட்பது.

இதே கேள்வி பன்னிரண்டாம் நூற்றாண்டின் அயர்லாந்தில் ஒரு காட்டுவாத்தின் உருவில் எழுந்தது. குளிர்காலத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கரைகளில் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும் ‘பார்னக்கிள்’ வாத்துகளுக்குக் கூடு இல்லை, முட்டை இல்லை, குஞ்சும் இல்லை. அவை வட துருவத்தை ஒட்டிய கிரீன்லாந்திலும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்பது அன்று ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது. அதே கரைகளில் ஒதுங்கும் மரக்கட்டைகளில் ஒருவகை ஓட்டுயிரி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அதன் காம்பு வாத்தின் கழுத்தைப்போல் நீண்டிருக்கும். வெண்ணிற ஓடு அலகைப்போலத் தோன்றும். ஓட்டின் இடுக்கில் இறகைப்போன்ற நார்கள் அசையும். இரண்டையும் மக்கள் இணைத்துவிட்டனர். வாத்து முட்டையிலிருந்து வரவில்லை, கடலில் மிதக்கும் மரத்தில் காய்க்கிறது என்ற நம்பிக்கை பரவிற்று. ஓட்டுயிரிக்கும் வாத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் வழங்குவது இந்தப் பழங்கதையின் எச்சமே.

1185-இல் இளவரசர் ஜானுடன் அயர்லாந்து சென்ற வேல்ஸ் நாட்டுக் குருவானவர் ஜெரால்டு, 1188-ஐ ஒட்டி எழுதிய நூலில் இவ்வாத்துகளைத் தாமே கண்டதாகக் குறிக்கிறார். அங்குள்ள சில பகுதிகளில் ஆயர்களும் துறவியரும் நோன்பு நாள்களில் இவற்றைத் தயக்கமின்றி உண்கின்றனர் என்றும் எழுதுகிறார். இவை மாம்சத்திலிருந்து பிறக்காதவை, ஆகவே மாம்சம் அல்ல என்பது உண்டவர்களின் வாதம். ஜெரால்டு வாத்து மரத்தில் காய்ப்பதை நம்பினார். ஆனால் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர் தந்த மறுப்பு சுவையானது. ஆதித் தந்தை ஆதாமும் மாம்சத்திலிருந்து பிறந்தவர் அல்லர். அதற்காக ஆதாமின் தொடையைக் கடித்துத் தின்பவன் மாம்சம் தின்னவில்லை என்று சொல்ல முடியுமா?

செய்தி உரோமைக்கும் எட்டியது. திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் 1215-ஆம் ஆண்டு நடந்த நான்காம் இலாத்தரன் சங்கத்தின்போது இவ்வாத்துகளை நோன்பு நாளில் உண்பதைத் தடை செய்தார் என்று போவே நகர வின்சென்ட் பதிவு செய்திருக்கிறார். இவை எப்படிப் பிறந்தாலும் வாத்தைப்போல் வாழ்கின்றன, வாத்தைப்போல் இரை தின்கின்றன. ஆகவே வாத்துதான் என்பது முடிவு. பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சியைத் திருத்தந்தை விலங்கியலாருக்கே விட்டுவிட்டார் எனலாம்.

அந்த ஆராய்ச்சியும் விரைவிலேயே நடந்தது. பேரரசர் இரண்டாம் பிரடெரிக் வடநாட்டுக்கு ஆளனுப்பி அந்த மரக்கட்டைகளை வரவழைத்துப் பார்த்தார். ஓடுகள் இருந்தன; பறவையின் சாயல் எதுவும் இல்லை. இவை எங்கோ தொலைவில் கூடு கட்டுகின்றன, அதை அறியாதவர்கள் கதை கட்டுகிறார்கள் என்று முடிவு செய்தார். புனித பெரிய ஆல்பர்ட் இன்னும் எளிய வழியில் சென்றார். இவ்வாத்துகள் இணைசேர்ந்து முட்டையிட்டுக் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைத் தாமே கண்டதாக எழுதி, மரத்தில் காய்க்கும் கதையைப் பொய் என்றார். தோமா அக்குயினாரின் ஆசிரியர் அவர். இடைக்காலத் திருச்சபை கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பியது என்பவர்கள் இந்த ஆல்பர்ட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 1596-இல் வில்லம் பாரென்ட்சின் டச்சுக் கப்பலார் ஸ்பிட்ஸ்பெர்கனில் இறங்கி, இதற்கு நெருங்கிய உறவான வாத்தினம் முட்டைகள்மேல் அடைகாப்பதை நேரில் கண்டார்கள். அதன் பிறகும் பழங்கதை நெடுநாள் சாகவில்லை.

பீவரின் கதை இவ்வளவு தெளிவாக முடியவில்லை. அதன் தட்டையான, செதில் போர்த்த வாலை ஜெர்மனி முதலிய வடபகுதிகளில் பெரிய மனிதர்களும் துறவியரும் நோன்பு நாளில் மீனாக எண்ணி உண்பதை அதே ஜெரால்டு தம் வேல்ஸ் பயண நூலில் குறித்திருக்கிறார். பின்னர் பிரெஞ்சுக் குடியேறிகள் கனடாவுக்குச் சென்றபோது கேள்வி பெரிதாயிற்று. அங்கே தவக்காலம் கடுங்குளிரின் இறுதியில் வருகிறது. ஆறுகள் உறைந்திருக்கும், பயிர் கிடையாது, சேமித்த தானியமும் அடிமட்டத்தைத் தொட்டிருக்கும். கைக்கெட்டிய ஊன் பீவர் ஒன்றே. பாரிஸ் மருத்துவத் துறையினர் பீவரை மீன் என்று முறைப்படி தீர்ப்பளிக்க, அதன்மேல் இறையியல் துறையினர் அதனைச் சுத்தபோசன நாளில் உண்ணலாம் என்று முடிவு செய்ததாக இயேசு சபைக் குரு சார்லவுவா 1744-இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். மருத்துவர்கள் சொல்லித்தான் இறையியலார் ஒப்பினார்கள் என்பதை நாளேடுகள் வசதியாக மறந்துவிடுகின்றன!

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படுகிறது. வாத்துக்காக வாதாடியவர்கள் நிறைந்த பந்தியில் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுக்குத் திருத்தந்தை மறுத்தார். கனடாவின் கரைகளில் நின்றவர்களுக்கு உணவே கேள்விக்குறி. அவர்களுக்குச் சட்டம் வளைந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரியில் வெளியிட்ட ‘பேனித்தேமினி’ திருத்தூதுச் சட்டமும் வளமான நாட்டினரிடம் ஒருவகைத் தவத்தையும், வறுமையில் வாடுவோரிடம் வேறுவகைத் தவத்தையும் எதிர்பார்க்கிறது. ஏற்கெனவே பசித்திருப்பவனிடம் பசியைக் கேட்பதில் பொருளில்லை. விலை உயர்ந்த வஞ்சிர மீனைத் தேடி வாங்கி வெள்ளிக்கிழமை விருந்து வைக்கும் நம் வீடுகள் அயர்லாந்துக் கரையில் நிற்கின்றனவா, கனடாவில் நிற்கின்றனவா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

பீவருக்கு இதனால் நன்மை விளையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உரோமத்துக்காகவும், மருந்துக்கும் மணத்துக்கும் பயன்பட்ட அதன் சுரப்பிக்காகவும், இறைச்சிக்காகவும் வேட்டையாடப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய பீவர்கள் ஏறத்தாழ 1,200 மட்டுமே எஞ்சின. இன்று பாதுகாப்பினால் பெருகியுள்ளன.

நாம் கண்ட செய்திகளில் முழுப் பொய்யான ஒன்றும் உண்டு. கி.பி. 600-இல் புனித பெரிய கிரகோரியார் முயல் குட்டிகளை மீன் என்று அறிவித்தார், அதனால் துறவு மடங்களில் முயல் வளர்ப்புத் தொடங்கிற்று என்று அறிவியல் நூல்களே பல்லாண்டுகளாக எழுதி வந்தன. 2018-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது அத்தகைய ஆணை எதுவும் கிடைக்கவில்லை. தூர் நகர ஆயரான வேறொரு கிரகோரியார், ரொக்கோலென் என்ற கொடிய தலைவன் தவக்காலத்தில் முயல் குட்டிகளைத் தின்றதையும் விரைவில் இறந்ததையும் எழுதியிருந்தார். ஒரே பெயரால் வந்த வினை! கண்டனமாக எழுதப்பட்டது அனுமதியாக மாறிவிட்டது.

தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில் வாழும் காப்பிபாரா பற்றிய செய்தியும் இவ்வாறே திரிந்து வருகிறது. திருத்தந்தை அதனை மீனாக்கியது பதினாறாம் நூற்றாண்டில் என்கிறது ஒரு பத்திரிகை, பதினெட்டில் என்கிறது மற்றொன்று. உறுதியான சான்று அறிஞர் ஹம்போல்ட் தருவது. 1800-ஐ ஒட்டி அந்நாட்டில் பயணம் செய்த அவர், அங்குள்ள மறைபரப்புத் துறவியர் இதன் தொடைக்கறியைத் தவக்காலத்தில் தயக்கமின்றி உண்டதைக் கண்டார். நம் மன்னார் வளைகுடாவின் கடற்பசுவுக்கு உறவான மனாட்டீயையும் காப்பிபாராவையும் நீரிலும் நிலத்திலும் வாழ்வதனால் ஆமைக்கு அருகில் அவர்கள் வைத்தார்கள் என்றும், ஓடு போர்த்த அர்மடில்லோவும் அதே வரிசையில் இடம்பெற்றது என்றும் சற்றே நகைப்புடன் எழுதினார். காப்பிபாரா உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கு. 50 கிலோவுக்கு மேலும் எடை பெறும். விரல்களிடையே சவ்வு உண்டு. அந்தப் புல்வெளி நாட்டில் வறட்சிக் காலமும் தவக்காலமும் ஒன்றாக வருகின்றன. எஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றி இவ்விலங்குகள் கூட்டமாகத் திரள்கின்றன, பிடிப்பது எளிது. உப்பிட்டு உலர்த்தப்பட்ட அதன் இறைச்சி புனித வாரத்தில் வீடுகளை அடைகிறது. இன்று அதுவே ஆவலுடன் எதிர்பார்க்கப்படும் விருந்து. கனடாவில் தொடங்கிய பாதை அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டது போலும்.

அப்படித் திரும்பாத ஓர் இடம் வட அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்குத் தெற்கே, ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் இருக்கிறது. அங்கே உண்ணப்படுவது ‘மஸ்க்ரட்’ எனும் கஸ்தூரி எலி. எடை ஒரு கிலோ அளவு. பிரெஞ்சுக் குடியேறிகள் பஞ்சத்தில் இதை உண்டு பிழைத்தார்கள். 1798-இல் அங்கு வந்த அருட்பணியாளர் கபிரியேல் ரிச்சர்டு இதற்கு அனுமதி தந்தார் என்பது செவிவழிச் செய்தி. அச்சகம் நிறுவியவர், பின்னர் அமெரிக்கப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர், 1832-இல் காலரா நோயாளிகளுக்குப் பணிசெய்து அதே காலத்தில் இறந்தவர் அவர். டெட்ராய்ட் உயர் மறைமாவட்டம் 2002-இல் வெளியிட்ட தவக்கால ஒழுங்குகளும், மறைபரப்புக் காலமான 1700-களிலிருந்து வரும் அனுமதி என்றே இதனைக் குறிக்கின்றன.

1987-இல் அண்டை மறைமாவட்டமான லான்சிங்கின் ஆயர் கென்னத் போவிஷ் இந்த அனுமதியின் மூல ஆவணத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. நெடுங்கால வழக்கத்துக்குத் திருச்சபைச் சட்டமே வலிமை தருகிறது. சட்டத்துக்கு மாறான வழக்கமும் முப்பது ஆண்டுகள் முறையாகக் கைக்கொள்ளப்பட்டால் நிலைபெறும் என்பது 26-ஆம் எண் சட்டம். ஆகவே அவர் மக்களைத் தடுக்கவில்லை. சுரப்பிகளை நீக்கி, வெங்காயத்தோடு நெடுநேரம் வேகவைத்து, மீண்டும் வறுத்தெடுத்தாலும் அந்த எலிக்கறியில் சேற்றுவாடை முற்றிலும் அகலாதாம். அதை உண்ணக்கூடியவர் எவரும் மாபெரும் புனிதர்களுக்கு ஈடான தவத்தையே செய்கிறார் என்று ஆயர் எழுதினார்.